கடைசிச் சத்தத்துக்கு முந்தைய ஆறு மணி நேரம்

அத்தியாயம் 4: ஆட்டிசக் குழந்தையின் புலன்சுமையைக் கண்டறிதல், குறைத்தல், சமாளித்தல்

புதுச்சேரி மூலக்குளத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டிய ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஆறரை மணி. ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். குக்கர் ஒரே ஒரு விசில் விடுகிறது. பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான், தலையைச் சுவரில் மோதுகிறான். "நேத்து மூணு விசில் வந்துச்சே, ஒண்ணும் பண்ணலையே! இன்னைக்கு வேணும்னே பண்றான்" என்கிறார் ஆயா.

நேற்று ஒன்றும் செய்யவில்லை என்பது சரி. 'வேணும்னே' என்பதுதான் தவறு. இன்று காலை அவனுக்குப் புதுச் சீருடை. காலர் பட்டை கழுத்தில் உரசிக்கொண்டே இருந்தது. பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை, மைக் கத்தியது. மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். வரும் வழியில் தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரன். வீட்டில் விருந்தாளி, அவர் போட்டிருந்த சென்ட். இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் அந்த விசில். ஆள் பிதுங்கும் டெம்போ மேடு ஏறாமல் நின்றால், கடைசியாக ஏறியவரைத் திட்டிப் பயனில்லை.

தெரபிஸ்ட்கள் 'சென்சரி ஓவர்லோட்' என்று சொல்லும் இந்தப் புலன்சுமையைப் பற்றி நீங்கள் செய்ய வேண்டிய வேலை மூன்று: எழுதிப் பார்ப்பது, முன்கூட்டியே குறைப்பது, மீறிப்போனால் பத்திரமாகக் கடப்பது. அதே வரிசையில் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்தால் போதும்

லியோ கானர் 1943-ல் எழுதிய, ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்த கட்டுரையிலேயே, தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும் லிஃப்டுக்கும் முட்டை அடிக்கும் கருவிக்கும் மிரண்ட குழந்தைகள் வருகிறார்கள். நம் வீட்டுக் கணக்கில் மிக்ஸி, மோட்டார், கிரைண்டர். ஆனால் புலன் வேறுபாடுகளை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சேர்த்தது 2013-ல்தான். உங்கள் பிள்ளையின் பாட்டி தலைமுறைக்கு இது புரியவில்லை என்றால் அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். மருத்துவ உலகத்துக்கே எழுபது வருடம் ஆயிற்று.

ஐம்புலன்களோடு இன்னும் மூன்றைக் கணக்கில் சேருங்கள். உடல் சாய்வதையும் சுழல்வதையும் காட்டும் சமநிலை உணர்வு. கை கால் எங்கே இருக்கிறது என்று மூட்டும் தசையும் சொல்லும் உணர்வு. பசி, தாகம், சிறுநீர், வலி என உடம்புக்குள்ளிருந்து வரும் உணர்வு. கடைசியாகச் சொன்னது மங்கலாக இருக்கும் பிள்ளைக்குத் தனக்குப் பசிக்கிறது என்றே தெரியாமல் போகலாம். அந்தப் பசியும் சுமையில் சேரும்.

ஒரே பிள்ளைக்கு ஒரு புலன் கூர்மையாகவும் இன்னொன்று மந்தமாகவும் இருக்கும். மிக்ஸிக்குக் காதைப் பொத்துகிற பெண், தானே தொண்டை கிழியக் கத்துவாள். "சத்தம் பிடிக்காதுன்னா இவ எப்படிக் கத்துறா?" என்று கேட்பார்கள். தான் போடும் சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மிக்ஸி எப்போது நிற்கும் என்று தெரியாது.

அடமா, புலன்சுமையா?

சந்தேகம் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. கேட்டதைக் கொடுத்தால் நிற்கிறதா? அடம் நின்றுவிடும். புலன்சுமையில் பிஸ்கெட்டைக் கொடுத்தால் அதையும் தூக்கி எறிவார்கள்.
2. பார்க்க ஆள் இருக்கிறதா என்று பிள்ளை கவனிக்கிறதா? அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் பார்க்கும். சுமையில் இருக்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியமில்லை.
3. முடிந்த பிறகு எப்படி இருக்கிறது? அடத்துக்குப் பிறகு விளையாடப் போய்விடும். சுமைக்குப் பிறகு துவண்டு போகும், தூங்கிவிடும்.

அடமும் சுமையும் எப்போதும் பளிச்சென்று பிரிந்து தெரியாது. அடமாகத் தொடங்கி, அழுகையின் சத்தமும் சூடும் சேர்ந்து சுமையாக மாறுவதும் உண்டு. குழப்பமாக இருந்தால் புலன்சுமை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடம் பிடித்த பிள்ளையிடம் கொஞ்சம் அமைதியாக நடந்துகொண்டதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. சுமையில் துடிக்கும் பிள்ளையை அடித்தால் கெடும்.

கவனியுங்கள்: எல்லாப் பிள்ளையும் கத்தாது. சில பிள்ளைகள் அப்படியே உறைந்துபோகும்; கூப்பிட்டால் பதில் இருக்காது, மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும், தெரிந்த வார்த்தையும் வராது. 'இன்னைக்கு சமத்தா இருந்தா' என்று கல்யாண வீட்டில் பாராட்டு வாங்கும் பெண் குழந்தைகளில் சிலர் உண்மையில் இந்த நிலையில் இருக்கிறார்கள்.

முதல் வேலை: இரண்டு வாரக் குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். செயலி எதுவும் வேண்டாம்.

1. ஒவ்வொரு முறை பிள்ளை வெடிக்கும்போதும் அல்லது உறையும்போதும் நேரத்தைக் குறியுங்கள்.
2. அங்கிருந்து பின்னோக்கி ஆறு மணி நேரத்தையாவது எழுதுங்கள்: தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தது, பயணம், உடுப்பு, சத்தம், வெளிச்சம், வாசனை, கூட்டம், வழக்கத்தில் மாறியது.
3. வெடிப்பதற்குச் சற்று முன் உடம்பு என்ன செய்தது என்று தனியாக எழுதுங்கள். காது சிவந்ததா, கை உதறல் வேகமானதா, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதா, நுனிக்காலில் நடந்ததா? இந்த எச்சரிக்கை அடையாளம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உங்கள் பிள்ளைக்கு உரியதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.
4. எவ்வளவு நேரம் நீடித்தது, எது தணித்தது என்று முடியுங்கள்.
5. நல்ல நாட்களையும் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே குக்கர், அதே விசில், ஒன்றும் ஆகவில்லை என்றால், அன்று எது இல்லை என்பதில்தான் விடை இருக்கிறது.

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: 'செவ்வாய், மாலை 6.40. குக்கர் விசில். முந்தைய இரவு கரண்ட் இல்லை, சரியாகத் தூங்கவில்லை. காலை இட்லி ஒன்று மட்டும். இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லை. வேன் வேறு வழியில் வந்தது. 6.15-லிருந்து நுனிக்காலில் நடந்தான். 25 நிமிடம். போர்வைக்குள் போன பிறகு தணிந்தது.'

இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும்: மாற்ற வேண்டியது விசில் மட்டும் அல்ல. 6.15-க்கு நுனிக்கால் நடையைப் பார்த்ததுமே பையனை உள்ளறைக்கு அழைத்துப் போயிருந்தால் 6.40 வந்தே இருக்காது.

வழக்கமான தவறு: 'காரணம்' என்று ஒரு பத்தியைப் போட்டு அதில் ஒரே வார்த்தையை எழுதுவது. ஒற்றைக் காரணத்தைத் தேடாதீர்கள். எது எதன்மேல் ஏறியது என்று பாருங்கள்.

இரண்டாவது வேலை: வீட்டில் சுமையை இறக்குதல்

குறிப்பேட்டில் அதிகம் வரும் இரண்டை மட்டும் முதலில் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அந்த மாற்றமே புதிய சுமையாகும்.

*சத்தம்.* மிக்ஸி போடும் முன் சொல்லுங்கள். சொல்வது புரியாத பிள்ளையாக இருந்தால் மிக்ஸியின் படத்தைக் காட்டுங்கள். பத்து எண்ணுவதற்குள் நிறுத்துங்கள், எண்ணிக்கொண்டே அரையுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்த சத்தம் பாதிச் சத்தம்தான். ஆசைப்படும் பிள்ளையாக இருந்தால் உங்கள் கண்முன்னால் பிள்ளையையே ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். சட்னியையும் மாவையும் பிள்ளை பள்ளியில் இருக்கும்போது அரைத்துவிடுவது இன்னும் எளிது. டிவி யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். நமக்கு அது பின்னணி. பிள்ளைக்குப் பின்னணி என்று ஒன்று கிடையாது, எல்லாச் சத்தமும் முன்னால் வந்து நிற்கும்.

*வெளிச்சம்.* மினுக்கும் பழைய டியூப்லைட்டை மாற்றுங்கள். நமக்குத் தெரியாத துடிப்பு சில பிள்ளைகளுக்குத் தெரியும். மாலையில் கூரை விளக்குக்குப் பதில் மஞ்சள் வெளிச்சம் தரும் சிறு விளக்கு ஒன்றே போதும்.

*தொடுதல்.* புதுத் துணியை இரண்டு மூன்று முறை துவைத்து, சட்டையின் லேபிளைத் தையலோடு பிரித்து எடுத்த பிறகு போடுங்கள். கத்தரித்தால் மிச்சம் நிற்கும் நுனி இன்னும் குத்தும். சாக்ஸைத் தையல் வெளியே இருக்கும்படி திருப்பிப் போடலாம். புதுச்சேரியின் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் வியர்வையே பெரிய உறுத்தல். பட்டுப்பாவாடை, சரிகை வேட்டி எல்லாம் போட்டோவுக்கு ஐந்து நிமிடம். பிறகு பழைய பருத்திச் சட்டை. மெல்ல வருடுவதைவிட அழுத்தமான தொடுதல் பல பிள்ளைகளுக்குச் சுகம். கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சும் அத்தைமார்களைப் பணிவாகத் தடுத்துவிடுங்கள்.

*சாப்பாடு.* சாம்பார் சாதத்தில் வழுக்கும் கத்தரிக்காய் வேண்டாம் என்று துப்பினால் அது நாக்குத் திமிர் அல்ல, வாய்க்குள் படும் பதம். வற்புறுத்தி ஊட்டாதீர்கள், புரையேறும் ஆபத்து நிஜம். பிள்ளை ஏற்றுக்கொண்ட உணவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

*ஒதுங்கும் மூலை.* தனி அறை வேண்டாம். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் பாய், தலையணை, மேலே பழைய புடவைத் திரை இருந்தால் போதும். இரண்டு விதிகள் உண்டு. அதைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளையை அதற்குள் அடைத்துவைக்கக் கூடாது. பீரோ சாயாமல் சுவரோடு பிணைத்திருக்க வேண்டும். ஒயரும் பிளக்பாயிண்டும் எட்டக் கூடாது. தூளியில் ஆடுவது பல பிள்ளைகளைத் தணிக்கும், ஆனால் துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம் என்பதால் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு நிமிடமும் விடாதீர்கள்.

வெளியே போகும்போது

சில இடங்களைத் தவிர்க்கலாம், எல்லா இடத்தையும் தவிர்க்க முடியாது. மகாத்மா காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டுக்கும் பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதிக்கும் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டிய அவசியம் எதுவுமில்லை. கடற்கரைச் சாலை அப்படியல்ல. அங்கே மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வாகனங்கள் கிடையாது. மாலையில் கூட்டம் நெரியும். விடியற்காலையில் காற்றும் அலையும் நடப்பவர்களும்தான். அதே இடம், நேரத்தை மாற்றினால் பிள்ளைக்கு வேறு இடம்.

கல்யாணம், வில்லியனூர் மாதா கோயில் திருவிழா, திருக்காமீஸ்வரர் கோயில் தேர் போன்றவற்றுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். தேரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த காலத்திலிருந்து வரும் விழா. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்க, கூட்டமும் மேளமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

1. முந்தைய நாளை வெறுமையாக வையுங்கள். முடிவெட்டுவது, புதுச் செருப்பு வாங்குவது எதுவும் அன்று வேண்டாம்.
2. தேர் நிலையில் நிற்கும்போதே ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டுங்கள். பல பிள்ளைகளுக்கு அதுவே போதும், நீங்களும் ஓடும் தேரை விட்டுவிடலாம்.
3. போவதென்றால் வீட்டில் சாப்பிடவைத்து, கழிப்பறை போகவைத்து அழைத்துப் போங்கள்.
4. வண்டியைத் தேர் வீதிக்கு வெளியே, திரும்பி எடுக்க வசதியாக நிறுத்துங்கள். மேளத்துக்கும் குழாய் ஸ்பீக்கருக்கும் எதிர்த்திசையில், கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள்.
5. பெரியவர் இருவர் வேண்டும். ஒருவருக்குப் பிள்ளையைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது.
6. எச்சரிக்கை அடையாளம் தெரிந்த அந்த நொடியே கிளம்புங்கள். 'இன்னும் அஞ்சு நிமிஷம், சாமி வந்துரும்' என்பதுதான் இந்த விஷயத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு.

உறவினர்களுக்கு ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "பெரியம்மா, இவனுக்கு மேளச் சத்தம் உடம்புக்கு ஒத்துக்காது. வெளிய கொஞ்சம் காத்தாட இருந்துட்டு வரோம்." 'உடம்புக்கு ஒத்துக்காது' என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆட்டிசத்தைப் பற்றி மண்டப வாசலில் வகுப்பெடுக்க வேண்டாம். அதற்குள் பிள்ளை கைநழுவிப் போய்விடும்.

பாதுகாப்பு: புலன்சுமையில் இருக்கும் பிள்ளை ஓடும். எந்தத் திசை என்று பார்க்காது. பல பிள்ளைகளுக்குத் தண்ணீர்மேல் ஈர்ப்பு உண்டு. கோயில் குளம், மூடாத கிணறு, கடல் எது பக்கத்தில் இருந்தாலும் கையைப் பிடித்திருங்கள். உங்கள் செல்பேசி எண்ணைச் சட்டையின் உள்பக்கம் எழுதியோ, பிள்ளை கழற்ற முடியாத கைப்பட்டையிலோ வையுங்கள். காணாமல் போனால் முதலில் தண்ணீர் உள்ள இடங்களைத் தேடுங்கள், தேடிக்கொண்டே 112-க்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது வேலை: மீறிப்போனால்

1. முதலில் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். பிறகு அதையும் நிறுத்துங்கள். 'என்னாச்சு? எங்க வலிக்குது? அம்மாவைப் பாரு' என்பதெல்லாம் அந்த நேரத்தில் இன்னும் நாலு சத்தம்.
2. மூலத்தைக் குறையுங்கள்: அடுப்பை அணையுங்கள், விளக்கைக் குறையுங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள். வெளியிடம் என்றால் சுவர் பக்கமோ வண்டிக்குள்ளோ போங்கள். வண்டியை வெயிலில் மூடிவைத்து உட்காராதீர்கள்.
3. கண்ணாடி, கத்தி, சூடான பாத்திரம், மேசை முனை எல்லாவற்றையும் அகற்றுங்கள்.
4. தலையை மோதினால் தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணை அல்லது உங்கள் உள்ளங்கை. தலையை அமுக்கிப் பிடிக்க வேண்டாம்.
5. சற்றுத் தள்ளி, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள். அணைத்தால் தணியும் பிள்ளை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டும் அணையுங்கள்.
6. காத்திருங்கள். பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

நடுரோட்டுக்கு ஓடுவது போன்ற உயிர் ஆபத்தில் மட்டும், ஆபத்து நீங்கும் வரை பிடியுங்கள். குப்புறப் போட்டு அமுக்குவது, மார்பின் மேல் ஏறுவது, வாயைப் பொத்துவது மூச்சை நிறுத்திவிடும். யார் செய்தாலும் தடுங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது, 'போலீஸ் மாமாகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்' என்பது, செல்போனில் படம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

தணிந்த பிறகு தண்ணீர், பிடித்த உணவு, தூக்கம். அன்றைக்கு வீட்டுப்பாடம் கிடையாது. 'ஏன் அப்படிப் பண்ணே?' என்ற விசாரணையும் கிடையாது.

கருவிகள் வாங்கும் முன்

சத்தம் குறைக்கும் காதுமூடி நல்ல முதலீடு. பட்டாசு, மேளம், பஸ் பயணத்துக்கு மட்டும் போடுங்கள். நாள் முழுக்க அணிவித்தால் சாதாரணச் சத்தமே பிள்ளைக்குப் பெரிதாகத் தோன்றத் தொடங்கலாம். சாலையைக் கடக்கும்போது கழற்றுங்கள். காதுக்குள் பஞ்சைத் திணிக்காதீர்கள், உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

கனமான போர்வை இப்போது இணையக் கடைகளில் தாராளமாக விற்கிறது. 2014-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் அது ஆட்டிசக் குழந்தைகளின் தூக்க நேரத்தைக் கூட்டவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. பிடித்தால் பயன்படுத்தலாம், மந்திரம் என்று நினைத்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம். தானே விலக்கத் தெரியாத சிறு குழந்தைக்கும், மூச்சுத் தொல்லையோ வலிப்போ உள்ள பிள்ளைக்கும் அது ஆபத்து. எடையை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். 'சத்தத்தைக் கேட்கவைத்துப் பழக்கிவிடுகிறேன்' என்று அழும் பிள்ளையைச் சத்தத்தின் முன் பிடித்துவைக்கும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பள்ளியில்

ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எச்சரிக்கை அடையாளம், செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது. மணிக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி இருக்கை, ஒத்திகை நாளில் விலக்கு, தேவைப்படும்போது வெளியே வர ஒரு அட்டை, இவற்றைக் கேளுங்கள். தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

மருத்துவரிடம் எப்போது?

இதுவரை தாங்கிய சத்தத்தைத் திடீரென்று தாங்கவில்லை என்றால், முதலில் உடம்பைப் பாருங்கள். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், காய்ச்சல் இவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை புலன்சுமையாகத்தான் காட்டும். உறைந்து நிற்பது அடிக்கடி வந்தால், குறிப்பாகக் கண் ஒரு பக்கம் சொருகினாலோ வாய் கோணினாலோ, வலிப்பா என்று பரிசோதிக்க வேண்டும்; ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவியோ வாயில் கரண்டியோ திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மூலக்குளத்திலிருந்து நகரம் நோக்கிப் போனால் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஜிப்மரில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு முன்னால், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எங்கே போனாலும் புறநோயாளிப் பிரிவின் காத்திருப்புக் கூடமே பெரிய சுமை. ஒருவர் சீட்டோடு வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு வெளியே மரநிழலில் இருக்கட்டும். முறை வரும்போது செல்பேசியில் கூப்பிட்டால் போதும். மருத்துவர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு. அதனால் அந்த நாற்பது பக்க நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.